விலைக்குள் ஒளிந்திருக்கும் வரி: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு வாசிப்பு

1

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். விடியக்காலம் ஐந்து மணிக்கெல்லாம் கடை திறந்தாக வேண்டும். குமுளி ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றும் ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் வரும். தூக்குச்சட்டியும் கையுமாக நிற்கிற பெண்கள் அவசர அவசரமாகச் சாமான் கேட்பார்கள். கால் கிலோ சீனி, ஒரு பிஸ்கட் பாக்கெட், ஷாம்பு, வெற்றிலை பாக்கு. விலை ஏறியிருக்கும் நாளில் ஒருத்தி கேட்பாள்: 'ஏண்ணே, போன வாரம் பத்து ரூவாதான குடுத்தேன், இன்னைக்கென்ன பன்னெண்டு?' அப்பா சொல்வார்: 'நானா ஏத்துனேன் தாயி? அங்கிட்டே வரியப் போட்டு அனுப்புறான்.' அந்தப் பெண் நம்ப மாட்டாள். 'ஒனக்கு எங்கள ஏய்க்கணும், அம்புட்டுத்தான்' என்று காசை வைத்துவிட்டு ஜீப்பில் ஏறுவாள்.

சிறு வயதில் இது அப்பாவுக்கும் அந்தப் பெண்ணுக்குமான சண்டை என்றே எனக்குப் பட்டது. சண்டையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருந்திருக்கிறார் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த ஆள் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வசூல் அவருடையது, வசவு அப்பாவுடையது. அரசு என்கிற அந்த மூன்றாவது ஆள் எப்படி, எப்போது, யாருடைய கையால் எங்கள் கடைக்குள் வந்து நின்றார் என்பதைத்தான் இக்கட்டுரையில் சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். வரி பற்றிப் பொருளாதார நிபுணர்கள் பேசுவது ஒரு வகை. அன்றாடத்தில் அதிகாரம் தன்னை எப்படி மறைத்துக்கொள்கிறது என்ற கேள்வியாக அதை வாசிப்பது இன்னொரு வகை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

2

தமிழ் படித்தவர்களுக்கு வரி என்றதும் பிசிராந்தையார் நினைவுக்கு வருவார். பாண்டியன் அறிவுடைநம்பிக்கு அவர் சொன்ன புறநானூற்றுப் பாட்டு (184) பள்ளிக்கூடத்துப் பாட்டு. நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் யானை பல நாள் தின்னும், யானையே வயலில் இறங்கினால் தின்பதைவிட மிதித்து அழிப்பதே அதிகம் என்பது அதன் சாரம். 2019 ஜூலை 5 அன்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் பட்ஜெட் உரையில் இதே பாட்டை எடுத்தாண்டார். அவையில் மேசை தட்டினார்கள். வரி போடுகிறவரே கூச்சமில்லாமல் எடுத்தாளும்படி அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது என்று நாம் யோசித்ததில்லை. புலவர் பேசுகிறார், அரசன் கேட்கிறான், யானை தின்கிறது. வயலுக்குரியவன் அந்தப் பிரதியில் வாய் திறப்பதே இல்லை. எவ்வளவு பிடுங்கலாம் என்பது இரண்டு மேலோர் தமக்குள் நடத்தும் உரையாடலாகவே இருக்கிறது. வரி குறித்த நம் பொதுப்புத்தியின் கட்டமைப்பும் இன்றுவரை ஏறக்குறைய இதுதான்.

வாய் திறந்தவர்களின் வரலாறும் நமக்கு உண்டு. விஜயநகர ஆட்சிக்காலத்தில், 1429இல், வலங்கை இடங்கைச் சாதியார் தமக்குள் இருந்த பகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதிகாரிகளும் நிலவுடைமையாளரும் வாங்கிய அநியாய வரிகளை எதிர்த்துக் கூடினார்கள். இன்ன வரிதான் கொடுப்போம், இதற்கு மேல் கொடுக்கமாட்டோம் என்று விருத்தாசலம், ஆடுதுறை, கொருக்கை போன்ற ஊர்க் கோயில் சுவர்களில் வெட்டி வைத்தார்கள். நொபொரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் இக்கல்வெட்டுகளை விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த வரிக்கு ஒரு பெயர் இருந்தது, வாங்குகிறவனுக்கு ஒரு முகம் இருந்தது. ஆகவே எதிர்த்து எழுதுவதற்கு ஒரு சுவரும் கிடைத்தது.

கும்பினி ஆட்சியிலும் முகம் இருந்தது. கொடூரமான முகம். 1855இல் வெளிவந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை, தீர்வை கட்டாத குடியானவனின் விரலைக் கிட்டியில் இறுக்கியதையும், உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் 'அண்ணாந்தாள்' தண்டனையையும் பதிவு செய்திருக்கிறது. வரி அன்று உடலின் மீது நேரடியாக எழுதப்பட்டது. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் எங்கள் பள்ளத்தாக்குக்குள் இறங்கிய பிறகும் தண்ணீர்த் தீர்வை, கிஸ்தி, ஜமாபந்தி, ஜப்தி எல்லாமே ஆள் வந்து கேட்கிற வரிகளாகத்தான் இருந்தன. 'கிஸ்திக்கு ஆள் வந்துட்டான்' என்று எங்கள் தாத்தா தலைமுறை சொல்லும். வருகிறவனைத் திட்டலாம், கெஞ்சலாம், ஒளிந்துகொள்ளலாம், சேர்ந்து நின்று மறிக்கவும் செய்யலாம். விலைக்குள் வருகிற வரிக்கு இதில் எதுவும் செல்லாது.

3

மறைமுக வரி இங்கே புதிதல்ல. சென்னை மாகாணத்தில் 1805 முதலே உப்பு அரசின் ஏகபோகம். 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவோடு செய்துகொண்ட வணிக உடன்படிக்கையின்படி திருவிதாங்கூரும் தன் உப்பு விலையைப் பிரிட்டிஷ் விலைக்கு ஏற்ப உயர்த்த வேண்டியதாயிற்று. குமுளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கஞ்சிக்கு ஒரே உப்பு, ஒரே பாரம். 1923இல் மணங்குக்கு ஒன்றேகால் ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக்கினார்கள். எதிர்ப்பு வலுத்ததால் அடுத்த ஆண்டே இறக்கினார்கள்.

1930இல் காந்தி செய்ததன் அரசியல் நுட்பத்தை இந்த இடத்தில்தான் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். விலைக்குள் ஒளிந்திருந்த வரியை அவர் வெளியே இழுத்துப் போட்டார். தமிழகத்தில் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் கிளம்பினார்கள். 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளினார்கள். தடியடியும் சிறையும் வந்தன. ஒரு பிடி உப்புக்குப் பின்னால் நின்றவன் யார் என்பதை ஊர் முழுக்கக் கண்ணால் பார்த்தது. 1947 பிப்ரவரி 28 அன்று இடைக்கால அரசின் நிதி உறுப்பினர் லியாகத் அலி கான் பட்ஜெட்டில் உப்பு வரி ஒழிந்தது. இன்றும் ஜி.எஸ்.டி.யில் உப்புக்கு வரி கிடையாது. முகம் தெரிந்துபோன வரியை மறுபடி கொண்டுவர எந்த அரசுக்கும் துணிச்சல் வரவில்லை.

உப்பில் கவனம் குவிந்திருந்த அதே காலத்தில், 1934இல், ஆலைச் சீனிக்கும் தீப்பெட்டிக்கும் மத்திய உற்பத்தி வரி போட்டார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1932இல்தான், ஜாவாச் சீனியிடமிருந்து உள்நாட்டு ஆலைகளைக் காப்பாற்ற இறக்குமதிக்குப் பாதுகாப்பு வரி தந்திருந்தார்கள். இறக்குமதி குறைந்து சுங்க வருமானம் சரிந்ததும் அதே ஆலைகளின் வாசலில் புது வசூல் தொடங்கியது. இதற்கு யாத்திரை எதுவும் நடக்கவில்லை. கடற்கரையில் உப்பை அள்ளிவிடலாம், ஆலைச் சீனியை எங்கே போய் அள்ளுவது?

4

நம் இயக்க நண்பர்கள் பலருக்குத் தெரியாத, தெரிந்தாலும் பேசாத ஆண்டு 1939.

வேதாரண்யத்தில் உப்பு வரியை எதிர்த்த ராஜாஜி 1937இல் மாகாணத்தின் பிரதமரானார். அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. அடுத்து சித்தூர், கடப்பை, பிறகு வட ஆர்க்காடு. கள், சாராய வருமானம் அன்றைய மாகாண வரவில் கிட்டத்தட்டக் கால்பங்கு. அந்தப் பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புவது? 1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் பெட்ரோல், புகையிலை என்று தனிப் பண்டங்களின் விற்பனைக்கு வரி யோசித்தவர்கள் உண்டு. எல்லாப் பண்டத்துக்கும் பொதுவாக விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் சென்னைதான். வீதம் அரை சதவீதம். வணிகர்கள் எதிர்த்தார்கள். அரை சதவீதத்தில் யார் சாகப்போகிறார்கள் என்பது அரசுத் தரப்பின் தோரணையாக இருந்தது.

இதில் எங்கள் ஊர்க்காரர்களின் நிலையைப் பாருங்கள். மதுரை மாவட்டம் அந்த நான்கு மாவட்டங்களில் இல்லை. ஆக, கம்பத்திலும் சின்னமனூரிலும் கூடலூரிலும் கள்ளுக்கடை திறந்தே இருந்தது. சேலத்துக்காரன் குடிக்காமல் இருப்பதற்கான செலவை இங்கே குடிக்கிறவனும் கொடுத்தான், குடிக்காத அவன் பெண்டாட்டியும் மிளகாயிலும் பருப்பிலும் சேர்த்துக் கொடுத்தாள். உத்தமபாளையத்தில் பிறந்து 1936இல் சில மாதங்கள் மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த நீதிக்கட்சித் தலைவர் பி.டி.ராஜனின் ஊர்ப்பக்கம் இது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. விற்பனை வரி நிற்கவில்லை. 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. இடையில் மூடி, 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மீண்டும் திறந்தது. 1983இல் டாஸ்மாக் உருவானது. 2003 முதல் சில்லறைக் கடையும் அரசே நடத்துகிறது. மது வருமானத்துக்கு மாற்றாக வந்த வரி, மது வருமானம் பலமடங்காகத் திரும்பிய பிறகும் போகவில்லை. 1959இல் புதுச் சட்டமாயிற்று, 2007இல் வாட் ஆயிற்று, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி.யின் வயிற்றுக்குள் இருக்கிறது. இன்று எங்கள் ஊர்ப் பெண் புருஷன் குடிப்பதற்கும் கொடுக்கிறாள், குடிக்காமலிருக்க என்று தொடங்கிய கணக்கிலும் கொடுக்கிறாள். காங்கிரஸ், திராவிடக் கட்சிகள், டெல்லி என எல்லாருடைய பெருங்கதையாடலிலும் இந்த இரட்டைக் கணக்கு மௌனமாகவே கடந்துபோகிறது.

இச்சட்டத்தின் இன்னொரு விளைவைச் சமூகவியலாகப் பார்க்க வேண்டும். வரி வசூலிக்கும் வேலை மணியக்காரரிடமிருந்து கடைக்காரருக்கு மாறியது. சம்பளமில்லாத தண்டல்காரர் அவர். எனவே கோபமும் அவருக்கு மாறியது. நம் ஊர்களில் கடையைச் சாதிப் பெயரால் சொல்லும் வழக்கம் உண்டு. விலை ஏறும்போதெல்லாம் அந்தச் சாதிக்கு 'கொள்ளை லாபக்காரன்' என்ற பட்டம் ஏறுகிறது. அரசின் மீது திரும்ப வேண்டிய எரிச்சல் சாதிக் கசப்பாக உருமாறுவது ஆள்வோருக்கு எவ்வளவு வசதி! அதற்காகக் கடைக்காரரைப் புனிதராக்கவும் நான் தயாரில்லை. 'பில்லு வேணுமா, வேணாமா?' என்று கேட்கிற கடையில் வளர்ந்தவன் நான். வாங்கிய வரியைக் கட்டாமல் விழுங்கிய கடைகளும் உண்டு. வணிகர் சங்கம் 'மக்கள் கொதிக்கிறார்கள்' என்று கடையடைக்கும்போது அதில் மக்கள் எவ்வளவு, கல்லா எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

5

1957ஐ ஒரு நிமிடம் நின்று பார்க்கலாம். டி.டி.கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சர். அந்த ஆண்டு இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, சொத்துக்காரர்கள் மீதான செல்வ வரி. மற்றொன்று, சீனி, புகையிலை, துணி மூன்றுக்கும் மாநிலங்கள் விற்பனை வரி வாங்காமல் விட்டுக்கொடுக்க, அதற்குப் பதிலாக மத்திய அரசு ஆலை வாசலிலேயே வசூலித்துப் பங்கிட்டுத் தரும் கூடுதல் உற்பத்தி வரி. நிர்வாகத்துக்கு இது எளிது. ஆனால் சீனியின் மீது யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பது கடைத் தெருவிலிருந்து இன்னும் ஒரு படி தள்ளிப்போய் மறைந்துகொண்டது.

இந்த இரண்டும் பிறகு என்ன ஆயின? செல்வ வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்துவிட்டார்கள். செத்தவர் விட்டுப்போன சொத்துக்கான எஸ்டேட் வரி 1985லேயே போய்விட்டது. 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் அடிப்படை வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22க்கு இறங்கியது. சீனி மீதான வரி மட்டும் பெயர் மாறி மாறி உயிரோடு இருக்கிறது. 2017 வரை உற்பத்தி வரி, அதன் பிறகு 5 சதவீத ஜி.எஸ்.டி. 2018இல் கிலோவுக்கு 3 ரூபாய் வரை சீனி மேல் கூடுதலாக ஒரு செஸ் போட யோசனை வந்து, மாநிலங்களின் எதிர்ப்பால் அமைச்சர் குழுவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டது. இதற்கு முந்திய நவம்பரில், மத்திய மானியம் நின்றுபோனதைக் காரணம் காட்டி, ரேஷன் சீனியைக் கிலோ 13.50லிருந்து 25 ரூபாயாக்கினார்கள். சட்டப்படி அது வரியல்ல. ரேஷன் கடை வரிசையில் நின்றவளுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்க நியாயமில்லை.

சீனி உடம்புக்குக் கெடுதி, அதற்கு வரி போடுவது நல்லதுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. மெக்சிகோ 2014இல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. அதற்காக அங்கே மக்கள் நல அமைப்புகளே போராடின. பிரிட்டன் 2018இல் போட்ட வரி பானத்தில் எத்தனை கிராம் சீனி என்று அளந்து ஏறி இறங்குகிறது. இங்கே? 28 சதவீதமும் 12 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 40 ஆக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் நேராகவே 40. சீனி குறைவா கூடுதலா என்ற அளவு கிடையாது. பன்னாட்டுக் கம்பெனியின் கோலாவுக்கும் எங்கள் பக்கத்துச் சிறு கம்பெனி அடைக்கிற பன்னீர் சோடாவுக்கும், கலருக்கும் ஒரே வீதம். சிறு தொழில்களுக்கு எளிய முறையில் வரி கட்ட உள்ள இணக்கத் திட்டமும் 2019 அக்டோபர் முதல் இவர்களுக்கு இல்லை. ஆரோக்கியம் என்ற சொல்லாடல் இங்கே வசூலுக்கு மேல் போர்த்திய துண்டு.

6

2022 ஜூலையில் இரண்டு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு விஷயங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும். 16ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் பேசிய பிரதமர், இலவசங்கள் தரும் அரசியலை 'ரேவடி' கலாச்சாரம் என்றார். ரேவடி என்பது எள்ளும் வெல்லமும் சேர்ந்த மிட்டாய். 18ஆம் தேதி முதல், அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, மாவு, தயிர், வெல்லம் ஆகியவற்றுக்கு 5 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பதிவு பெற்ற பிராண்டுக்கு மட்டும்தான் அரிசி வரி. புது விதியில் 25 கிலோ வரையிலான மூட்டைக்கு வரி, அதற்கு மேல் இல்லை. தமிழக அரிசி ஆலைகள் கடையடைப்புச் செய்தன. பிறகு 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தன. 26 கிலோவை மொத்தமாக வாங்கக் கையில் காசிருப்பவருக்கு வரி இல்லை. ஐந்து கிலோ பை வாங்குகிறவருக்கு வரி.

நம் காலத்தின் வர்க்கப் பிரிவினை இந்தச் சொல்லில் இருக்கிறது: 'வரி கட்டுபவர்'. தொலைக்காட்சி விவாதத்தில் 'நாங்க கட்டுற வரிப்பணம்' என்று உரிமையோடு பேசுகிறவர் வருமான வரி கட்டுபவர். ஜீப்பில் மலையேறுகிற பெண் அந்தப் பட்டியலில் இல்லை. அவள் இலவச அரிசி வாங்குகிறவள், ரேவடி தின்கிறவள். ஆனால் 2025 செப்டம்பர் வரை அவள் பிள்ளைக்கு வாங்கிய பிஸ்கட்டில் 18 சதவீதம் வரி இருந்தது. வரி கட்டியும் வரி கட்டுபவராக ஆகாத தன்னிலை அவளுடையது. அடித்தள மக்களைப் 'பயனாளி' என்று பெயரிட்டு அவர்களுடைய குடிமை உரிமையைத் தானமாக மாற்றும் வேலையை இந்த மறைவுதான் செய்துகொடுக்கிறது.

1866இல் ஜெனீவாவில் கூடிய அகிலத்தின் பிரதிநிதிகளுக்கு எழுதிய குறிப்பில், மறைமுக வரிகளை முற்றாக ஒழித்து நேர்முக வரிகளை வைக்க வேண்டும் என்று மார்க்ஸ் பரிந்துரைத்தார். விலையேற்றம் ஒரு காரணம். இன்னொரு காரணம், மறைமுக வரியில் தான் அரசுக்கு என்ன கொடுக்கிறோம் என்பது மனிதனுக்குத் தெரியாமல் போகிறது, நேர்முக வரியோ ஆள்வோரைக் கணக்குக் கேட்கத் தூண்டுகிறது என்பது. இடதுசாரிகள் முதல் காரணத்தைப் பேசிய அளவுக்கு இரண்டாவதைப் பேசவில்லை என்பது என் வருத்தம்.

கணக்குக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவை ஓர் உதாரணம். 2024 செப்டம்பர் 11 அன்று நிதியமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தில் அன்னபூர்ணா ஓட்டல் குழுமத்தின் சீனிவாசன், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். இனிப்புக்கு ஒன்று, காரத்துக்கு ஒன்று என்ற குழப்பத்தையும் சொன்னார். அவர் பின்னர் அமைச்சரைச் சந்தித்து வருத்தம் தெரிவித்த காட்சி வெளியே பரவியது. அது வெளியானதற்கு பா.ஜ.க.வின் மாநிலத் தலைவரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பெரிய ஓட்டல் முதலாளிக்கே இந்த நிலை என்றால் தூக்குச்சட்டிக்காரி எந்த மேடையில் கேட்பாள்? மறு ஆண்டு செப்டம்பரில் கேக், காரவகை, பிஸ்கட் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கின. குறைப்பைப் பரிசு போல அறிவித்தார்கள். எட்டு வருஷம் கூடுதலாக வாங்கியது பற்றி யாரும் பேசவில்லை.

7

கேட்பதற்கான இடமும் விலகிக்கொண்டே போகிறது. 1939இல் வரி போட்டவர் சென்னைச் சட்டமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்று வீதத்தை முடிவு செய்வது ஜி.எஸ்.டி. கவுன்சில். அங்கே மத்திய அரசுக்கு வாக்கில் மூன்றில் ஒரு பங்கு எடை, முடிவுக்கு முக்கால் பங்கு வேண்டும். டெல்லி விரும்பாத எதுவும் அங்கே நிறைவேறாது. 2021இல் தமிழக நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன், பெரிய மாநிலத்துக்கும் சிறிய மாநிலத்துக்கும் ஒரே எடை என்ற முறையைக் கவுன்சிலில் கேள்வி கேட்டார். அவர் உத்தமபாளையத்து பி.டி.ராஜனின் பேரன். கேள்வி பதிவாயிற்று, முறை மாறவில்லை.

ஜி.எஸ்.டி. வந்ததும் குமுளி, போடிமெட்டுப் பாதைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர்களுக்கு நிம்மதிதான். ஆனால் வரிக்குக் கடைசியாக இருந்த கட்டடமும் ஆளும் அத்தோடு போயின. 1429இல் எழுத ஒரு கோயில் சுவர் இருந்தது, 1930இல் போய்ச் சேர ஒரு கடற்கரை இருந்தது. நாம் எங்கே போய் நிற்பது?

எனக்குத் தெரிந்த ஒரு தொடக்கம் சின்னது. கூலிக்குப் போகிறவர்களிடம் பேசும்போது, எழுதும்போது, துண்டறிக்கை போடும்போது அவர்களை 'வரி கட்டுபவர்கள்' என்றே சொல்லத் தொடங்குவோம். அதற்குரிய கணக்கையும் கையில் வைத்திருப்போம். போன மாதம் ஊருக்குப் போனபோது, அப்பா கடையின் பழைய வாடிக்கைக்காரப் பெண் ஒருவரிடம் அவர் வாங்கிய சாமானில் எது எதற்கு எவ்வளவு வரி என்று சீட்டில் எழிதிக் காட்டினேன். கூலிப் பணத்தில் மாதம் எவ்வளவு போகிறது என்று கூட்டச் சொன்னார். கூட்டினேன். கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், 'இத்தன வருசமா ஒங்கப்பனப் போயி வஞ்சிருக்கேனேப்பா' என்றார். சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, 'நாளைக்கு ஜீப்புல இவளுககிட்டக் காட்டுறேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.